வார்குழலிக்கு வாரிசு இல்லை

அந்தக் கடைக்காரர் சிரித்ததைப் பார்த்தீர்களா? பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், நீங்களும்தான் பார்த்தீர்கள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடையில் என்ன பேர் வெட்டணும் என்று கேட்டார். மென்மொழி என்றேன். உடனே ஒரு சிரிப்பு. இவ்வளவு நேரம் செய்கூலிக்காக அவரோடு நான் போட்ட சண்டையைக் கேட்டவர் இல்லையா? இந்த அம்மா வீட்டுப் பிள்ளைக்கு மென்மொழியா என்று தோன்றியிருக்கும். தோன்றட்டும். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

இப்படி உட்காருங்கள், நான் தள்ளிக்கொள்கிறேன். பேர் வெட்டுகிறவர் சாப்பிடப் போயிருக்கிறாராம். அவர் வந்தால்தான் என் பாலாடையும் நகரும், உங்கள் கொலுசும் நகரும். திருச்சி பெரிய கடை வீதியில் எந்தக் கடைக்குப் போனாலும் நான் போகிற நேரத்துக்கு யாராவது சாப்பிடப் போய்விடுவார்கள். வேண்டுமென்றே செய்கிறார்களோ என்னவோ.

பேத்திக்குத்தான். கரூரில் இருக்கிறாள், அம்மா வீட்டில். முதல் பிரசவம் அங்கேதானே. ஞாயிற்றுக்கிழமை பேர் சூட்டுகிறார்கள். பேரை யார் முடிவு செய்தது என்று நீங்கள் கேட்கவில்லை. பரவாயில்லை, நானே சொல்கிறேன். என் மருமகள் சுகிர்தா. அவள் மட்டும் என்று நினைக்காதீர்கள், அவளுக்குப் பின்னால் ஒரு ராஜ்யமே இருக்கிறது. ராஜா, ராணி, பறக்கிற யாளி, எல்லாம் உண்டு.

முதலில் என் பேரைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. மட்டுவார்குழலி. ஆமாம், மலைக்கோட்டையில் தாயுமானவரோடு இருக்கிறாளே, அந்த அம்மன் பேர்தான். ஆனால் பக்தியில் வைத்ததில்லை. என் அம்மாவோட மாமியார் பேர் அது. எங்கள் பக்கம் மூத்தது பெண் என்றால் அப்பாவைப் பெற்றவள் பேர், பையன் என்றால் அப்பாவைப் பெற்றவர் பேர். அதில் பேச்சுக்கே இடம் கிடையாது. கான்வென்டில் முதல் நாள் சிஸ்டர் இக்னேஷியா என் பேரைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அதோடு சரி, பள்ளிக்கூடம் முடிகிறவரை நான் மேட்டி. மேட்டி, ஸிட் டவுன். மேட்டி, டோன்ட் ஆர்க்யூ. அந்த இரண்டாவதைத்தான் அதிகம் கேட்டேன்.

வீட்டில் கதை வேறு. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் என் அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டாள். பாப்பா, ஏ பிள்ளை, இந்தாடி, இப்படித்தான். அதெல்லாம் நல்ல நாளில். அவளுக்கும் மாமியாருக்கும் காலையில் ஏதாவது உரசியிருந்தால் அன்றைக்கு மட்டும் முழுப் பேரும் வெளியே வரும். அந்த அம்மா ஹாலில் வெற்றிலையை மென்றுகொண்டு இருக்கும். அடுக்களையிலிருந்து இவள் கத்துவாள்: "அடியே மட்டுவார்குழலி! தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறியே, எருமை! உனக்கு இங்க யாருடி கொட்டி அழுவா?" நான் அப்போதுதான் ஸ்கூலிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருப்பேன். தின்றது யார், தூங்கியது யார் என்று எனக்கும் தெரியும், ஹாலுக்கும் தெரியும். ஹாலிலிருந்து ஏதாவது முனகல் வந்தால், "நான் பெத்த பொண்ணை நான் திட்டுறேன்." யார் என்ன சொல்ல முடியும்?

அதனால் சொல்கிறேன், பெரியவர்கள் பேரைப் பிள்ளைக்கு வைத்தால் மரியாதை என்று யாராவது வந்து சொன்னால் நான் நம்பமாட்டேன். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வெட்டும் என்று எனக்குத் தெரியும்.

நான் என் மகனை அப்படிப் பேர் சொல்லித் திட்டினேனா? இல்லை. என் மகனுக்கு என் மாமனார் பேர். அவர் பேரை இன்றுவரை நான் வாயால் சொன்னதில்லை, அதனால் மகனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பிதான். அவனை ஸ்கூலில் சேர்க்கப் போனபோது அங்கே இருந்த அம்மா, "பையன் பேரு?" என்றாள். பேனாவை வாங்கி எழுதிக் காட்டினேன். அவள் என்னை ஊமை என்று நினைத்து, சைகையால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். என்னை! ஊமை என்று! திரும்பி வருகிறபோது வாசல் வரை என் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டாள், பாவம்.

சரி, சுகிர்தாவுக்கு வருகிறேன். அவளைக் குறை சொல்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள். சாயங்காலம் லேப்டாப்பை மூடினால் உடனே போனை எடுத்து இரண்டு கட்டைவிரலாலும் தட்ட ஆரம்பித்துவிடுவாள். டப் டப் டப் என்று விடாமல் தட்டுவாள். என்னைப் பற்றி அவள் அம்மாவுக்குப் பத்தி பத்தியாக எழுதுகிறாள் என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கல்யாணத்தில் என் அக்கா மகள் வந்து, "சித்தி, 'வெண்குன்றத்து யாளிகள்' எழுதுறது உங்க மருமகளாமே? ஆயிரக்கணக்குல படிக்கிறாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பந்தியில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரியாமல் என் வீட்டில் ஒரு நாடு நடக்கிறது!

வீட்டுக்கு வந்து கேட்டால், முன்னமே சொன்னாளாம். "அத்தை, நான் ஒரு தொடர்கதை எழுதுறேன், படிச்சுப் பாக்குறீங்களா" என்று கேட்டாளாம். நான், "முதல்ல அந்தத் துணியை மடி" என்றேனாம். சொல்லியிருப்பேன். துணி கிடந்தால் மடி என்றுதானே சொல்வேன்?

படிக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்கென்று மாற்றி எழுதிவிடுவாள் இல்லையா? நானே போனில் அந்த ஆப்பை இறக்கி, கணக்குத் தொடங்கி, நடுநிலை வாசகி என்று பேர் வைத்துக்கொண்டேன். படத்துக்கு ஒரு செம்பருத்தி. மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன். எங்கள் வீட்டுக்காரர் நான் திருவாசகம் படிக்கிறேன் என்று நினைத்து டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பார்.

வெண்குன்றம் என்று ஒரு நாடு. ராஜவம்சம் யாளி மேல் ஏறிப் பறக்கும். கோயில் தூணில் நிற்கிற யாளி எதற்குப் பறக்கணும் என்று நானும் முதலில் நினைத்தேன், படிக்கப் படிக்கப் பழகிவிட்டது. அந்த வம்சத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் சொந்தமாகப் பேர் கிடையாது. முதல் எழுவர் என்று, நாட்டை உண்டாக்கிய ஆதி முன்னோர்கள் ஏழு பேர். அவர்களில் ஒருவர் பேரைத்தான் வைக்க வேண்டும். பேரை அறிவித்ததும் கோட்டை உச்சியில் அந்த முன்னோருடைய விளக்கு தானாகப் பற்றிக்கொள்ளும். யார் பேரோ அவர் குணமும் தலையெழுத்தும் குழந்தைக்கு வந்துவிடும். சண்டையில் செத்தவர் பேரை வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் அம்மாக்காரி ஆயுசு முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த இடமெல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி, கவனமாகக் கேளுங்கள், வார்குழலி.

என் பேரின் முன்பாதியை நறுக்கிவிட்டு அப்படியே வைத்திருக்கிறாள்! ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது இவள் தன் கூந்தலை அறுத்துத் திரித்து, கயிறாக்கி, கரையைக் கட்டினாளாம். அவ்வளவு முடியா? சரி, கதை. ஆனால் மேலே படியுங்கள். அவள் சபைக்கு வந்தால் மந்திரிகள் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்களாம். உப்புக் குறைந்த சோற்றைத் தட்டோடு திருப்பி அனுப்புவாளாம். அவள் பால் குடிக்கிற வெள்ளிக் கிண்ணத்தை வேறு யாரும் தொடக் கூடாதாம். அந்த வரியில் போனைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கென்று வீட்டில் ஒரு காபி டம்ளர் உண்டு. சுத்தத்துக்காக. அதைத் தூக்கிக்கொண்டுபோய் வெண்குன்றத்தில் வைத்திருக்கிறாள்!

நல்லதாகவும் சிலது எழுதியிருந்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலில் கிடக்கிற ஒரு படைவீரன் மனைவிக்கு வார்குழலி தன் கையால் கஞ்சி வைத்து ஊட்டுகிறாள். ஊட்டிக்கொண்டே, "வாயைத் திற, அழுகையை அப்புறம் வைத்துக்கொள்" என்று அதட்டுகிறாள். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? சுகிர்தாவுக்கு டெங்கு வந்தபோது நான் சொன்னது. அனுமதி கேட்காமல் என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டாள். கீழே பார்த்தால் படித்தவர்கள் எல்லாம் அழுகிறார்கள். 'எங்கள் வார்குழலி அம்மா' என்று எழுதி, இதயம் இதயமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். எதற்குத்தான் அழுவது என்று ஒரு விவஸ்தை இல்லை.

இதற்கிடையில் சுகிர்தா முழுகாமல் இருந்தாள். அவள் முழுகாமல் இருந்தால் வெண்குன்றத்தில் இளையராணியும் முழுகாமல் இருக்கிறாள். இங்கே இவளுக்கு மசக்கை என்றால் அங்கே அவள் வாந்தி எடுக்கிறாள். ஒரு அத்தியாயத்தில் சபை நடுவில் இளையராணி எழுந்து நிற்கிறாள். "பெண் பிறந்தால் வார்குழலி என்று பேர் வைப்பேன்" என்கிறாள். தலைமுறை தலைமுறையாக யாரும் வைக்கத் துணியாத பேராம் அது. சபையே நடுங்குகிறது.

அதைப் படித்த மறுநாள், நான் சாம்பார் தாளித்துக்கொண்டிருக்கிறேன், இவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, உங்க முழுப் பேருக்கு என்ன அர்த்தம்?"

"தேன் சொட்டுற நீளக் கூந்தல். எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான். அழகான பேரு. இப்பல்லாம் யாருக்கும் இப்படி இல்லல்ல?"

"இல்லாததே நல்லது. அந்தக் கொத்தமல்லியைக் கிள்ளு."

"சின்ன வயசுல வீட்ல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"எதுக்குக் கூப்பிடணும்? கூப்பிடுறதுக்கு முன்னாடியே போய் நிப்பேன்."

அதற்கு ஒரு சிரிப்பு. கொத்தமல்லியைக் கிள்ளிக்கொண்டே சிரிக்கிறாள். எதற்குச் சிரிப்பு? அப்போதுதான் எனக்கு முழுத் திட்டமும் விளங்கியது. பெண் பிறக்கும். ஆசையாக வைப்பது மாதிரி என் பேரை வைப்பாள். ஊரெல்லாம் மெச்சும், மாமியார் பேரை வைத்த மருமகள் என்று. அப்புறம் நான் ஹாலில் உட்கார்ந்திருப்பேன், உள்ளேயிருந்து வரும்: "அடியே மட்டுவார்குழலி, எத்தனை தடவைடி பாயிலேயே போவே? மட்டுவார்குழலி, வாயை மூடுறியா இல்லையா?" கேட்டால், நான் பெத்த பொண்ணை நான் திட்டுறேன். என் அம்மா செய்ததை ஷூவும் சாக்ஸுமாக நின்று பார்த்தவள் நான். கதையில் முதலில் ஒத்திகை பார்க்கிறாள் இவள்!

நேராகக் கேட்டால் இல்லை என்பாள். அதனால் நேராகக் கேட்கவில்லை. நடுநிலை வாசகிதான் கேட்டாள்.

நான் எழுதியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. 'எழுத்தாளருக்குப் பணிவான வேண்டுகோள். வார்குழலி வீரமானவள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாக்கை வைத்துக்கொண்டு அரண்மனையில் அவள் யாருக்குப் பிரியமானவளாக இருந்தாள்? பயந்தார்கள், அவ்வளவுதான். அவள் செத்தபோது யாராவது அழுதார்களா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அந்தத் தலையெழுத்தைப் பிறக்கப்போகிற குழந்தைக்குக் கட்டிவிடலாமா? முதல் எழுவரில் சாந்தமான மென்மொழி இருக்கிறாளே, அவள் பேரை வைத்தால் என்ன?'

நன்றாக இருக்கிறதில்லையா? அந்த மென்மொழி ஏழு பேரில் உருப்படியாக ஒன்றும் செய்யாதவள். பூத்தொடுத்தாள், புன்னகை செய்தாள், போய்ச்சேர்ந்தாள். யாருக்கும் தொந்தரவு இல்லை.

கீழே பெரிய சண்டை. யாரோ ஒரு பொடிசு, 'யார் இந்த பூமர் ஆன்ட்டி' என்று கேட்டது. நல்ல இங்கிலீஷில் நாலு வரி கொடுத்தேன், அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. எனக்கு ஆதரவாகப் பேச ஆள் வேண்டுமே என்று உண்மைவிளம்பி என்று இன்னொரு கணக்கும் தொடங்கினேன். நடுநிலை வாசகி சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்று உண்மைவிளம்பி எழுதினான். அதற்குப் பிறகு நிஜமாகவே நிறையப் பேர் என் பக்கம் வந்துவிட்டார்கள். பேரில் தலையெழுத்து இருக்கிறது என்று அவள்தானே எழுதினாள்? குழந்தை விஷயம் வேறு, எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது.

சுகிர்தாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மிளகு ரசம் வைத்துக் கரைத்துக் கொடுத்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "யாரோ ஒருத்தங்க எழுதுறாங்க அத்தை. கோவமா எழுதுறாங்க, ஆனா ரொம்பத் தெளிவா இருக்கு. அவங்க சொல்றதுதான் சரியோன்னு பயமா இருக்கு" என்றாள்.

"தெளிவாவா எழுதுறாங்க?"

"ஆமா. வயசானவங்க போல."

வயசானவங்களாம்! "கான்வென்ட்ல படிச்சவங்களா இருக்கும்" என்றேன். "சாப்பிடு. கண்ணுல தண்ணி விட்டா ரசம் உப்பாயிடும்."

வளைகாப்பு முடிந்து கரூருக்குக் கிளம்புகிற அன்றைக்கு, கை நிறைய வளையலோடு என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தாள், வழக்கமாக உட்காரமாட்டாள். "அத்தை, நீங்க மறைக்காம ஒண்ணு சொல்லணும். உங்க பேரு உங்களுக்குப் பிடிக்குமா? இல்ல, அதைச் சுமக்குறது கஷ்டமாவே இருந்துச்சா?"

பாருங்கள் சாமர்த்தியத்தை. பிடிக்கும் என்றால், நீங்களே சொன்னீர்களே என்று வைத்துவிடுவாள். நான் என்ன அவ்வளவு லேசா? "அது ஒரு பிள்ளைக்கும் வைக்கக் கூடாத பேரு. என்னோட போகட்டும்" என்றேன்.

முகம் விழுந்துவிட்டது அவளுக்கு. திட்டம் விழுந்தால் முகம் விழத்தானே செய்யும்? கதவைத் திறந்தால் வெளியே என் மகன், பெட்டியோடு. "அம்மா, அவ என்ன கேக்குறான்னு கொஞ்சம் யோசிச்சுப் பதில் சொல்லியிருக்கலாம்மா" என்றான். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். "நீ பெட்டியை எடு தம்பி, ராகுகாலம் வந்துடும்" என்றேன்.

அடுத்த அத்தியாயம் கரூரிலிருந்து வந்தது. இளையராணிக்குப் பெண். சபையில் பேரை அறிவிக்கிறார்கள், மென்மொழி என்று. விளக்கு எரிகிறது, யாளிகள் எல்லாம் தலை வணங்குகின்றன. ஜெயித்துவிட்டேன்! அதோடு விட்டாளா? வார்குழலியின் விளக்கை, இனி யாருக்கும் ஏற்றப்போவதில்லை என்று, கோட்டையிலிருந்து இறக்கி நிலவறையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதை ஏன் இறக்க வேண்டும்? பேர் வைக்காதே என்றால் விளக்கையே அணைத்துவிடு என்று அர்த்தமா? கரையைக் கட்டியவள் இல்லையா அவள்? யாராவது கேட்க வேண்டாமா? கேட்டு எழுதலாம் என்று பார்த்தேன், ஆனால் நடுநிலை வாசகி எப்படிக் கேட்பாள்? உண்மைவிளம்பியும் கேட்க முடியாது.

கீழே ஒரு குறிப்பு வேறு. 'வார்குழலி என்ற பேரை நான் மிகவும் ஆசைப்பட்டு வைத்திருந்தேன். என் வீட்டில் இருக்கிற ஒருவரை நினைத்துத்தான் அவளை எழுதினேன். அந்தப் பேர் அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பெரிய தவறு செய்வதற்கு முன் என்னைத் தடுத்த நடுநிலை வாசகிக்கு நன்றி.' எப்படி முடிக்கிறாள் பாருங்கள். வீட்டில் இருக்கிற ஒருவராம். ஊரே பரிதாபப்படுகிறது, இவள் நல்லவளாகிவிட்டாள். நான் அன்றைக்குக் கேசரி கிளறினேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாய் போட்டுவிட்டு, "சர்க்கரை போட மறந்துட்டியா?" என்றார்.

அப்புறம் நிஜமாகவே பெண் பிறந்தது. மகன் போன் செய்தான். யார் ஜாடை என்றேன். "அழுதா உன்னை மாதிரிம்மா. ஆஸ்பத்திரியே எழுந்து உட்காருது" என்றான். என்ன பேர் என்றேன். "மென்மொழி."

யார் சொன்ன பேர் அது? நான்தான் சொன்னேன். ஆனால் கதைக்குச் சொன்னேன். வீட்டுக்கா சொன்னேன்? எங்கள் குடும்பத்தில் மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பேர். எந்தக் காலத்திலிருந்தோ வருகிற வழக்கம். இவள் வந்துதான் அதை நிறுத்தினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா?

என்ன சொன்னீர்கள்? கேட்டாளே என்கிறீர்களா? கட்டிலில் உட்கார்ந்து கேட்டாளே என்கிறீர்கள். அது கேட்டதா? அது நோட்டம் பார்த்தது. சரி, கேட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நான் வேண்டாம் என்றேன். அதோடு விட்டுவிடுவதா? ஒரு வீட்டுக்குப் போகிறோம், காபி சாப்பிடுறீங்களா என்கிறார்கள், வேண்டாம் என்கிறோம். உடனே போய் அடுப்பை அணைத்துவிடுவார்களா? இன்னொரு தரம் கேட்கமாட்டார்களா? அட, கையைப் பிடித்து, சும்மா சொல்லாதீங்க, கொஞ்சமா சாப்பிடுங்க என்று சொல்ல மாட்டார்களா? எந்த மனுஷி முதல் தடவையே ஆமாம் என்று சொல்வாள்?

கரூர்ப் பக்கம் அப்படி வழக்கம் இல்லையோ என்னவோ.

நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். என் பேர் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்றா சொன்னேன்? வழக்கத்தைச் சொன்னேன். அவ்வளவுதான்.

இருங்கள், போன். அவள்தான்.

ம், சொல்லு. பால் சரியாக் குடிக்கிறாளா? ... வாங்கியாச்சு, பேர் வெட்டக் குடுத்திருக்கேன். ... ஆமா, அந்தப் பேருதான், வேற எந்தப் பேரு? ... என்ன? யாரு, நானா? ஏன், உங்கம்மா இருக்காங்கல்ல? ... அவங்களே சொன்னாங்களா? ... சரி. சரிங்கிறேன்ல. அழாதே. இப்ப எதுக்கு அழுற? பத்தியம் இருக்குற நேரத்துல அழக் கூடாது. வை போனை.

கேட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் காதில் முதலில் நான்தான் பேர் சொல்ல வேண்டுமாம். அவள் அம்மாவே விட்டுக்கொடுத்துவிட்டாளாம். எதற்கு விட்டுக்கொடுக்கிறாள்? ஊர் பார்க்க, என் வாயாலேயே மென்மொழி என்று என்னைச் சொல்லவைக்க. நாளைக்கு நான் ஏதாவது பேசினால், நீங்கதானே அத்தை காதுல சொன்னீங்க என்று முடித்துவிடலாம் இல்லையா? அழுகை வேறு. போனில் அழுதால் எது நிஜ அழுகை என்று யார் கண்டது?

போவேன். போகாமல் என்ன? மடியில் போட்டுக்கொள்வேன். மூன்று தடவை சொல்ல வேண்டும், உங்கள் பக்கமும் மூன்றுதானே? முதல் இரண்டு தடவை சபைக்கே கேட்கிற மாதிரி மென்மொழி, மென்மொழி என்று சொல்லிவிடுவேன். வீடியோவில் தெளிவாக விழட்டும். மூன்றாவது தடவை புடவைத் தலைப்பை இழுத்து மறைத்துக்கொண்டு, வாயைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வேன். அதற்குள் என்ன சொன்னேன் என்று யாருக்குக் கேட்கப்போகிறது?

ஒரே ஒரு தடவைதான். திட்டுவதற்கு இல்லாமல், அடுக்களையிலிருந்து ஹாலுக்குக் கேட்பதற்கு இல்லாமல், அந்தப் பேரை யாராவது மெதுவாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அதைக் கேட்டுவிட்டு அவள் திரும்பி என்னைப் பார்த்தாள் என்றால், அதற்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?